மஞ்சள் மூடிக் களிம்பு

சின்ன மருமகளுக்கு உன் மாமியார் எழுதுவது. முட்டிவலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ நலமா என்று கேட்கமாட்டேன். இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆறு வருடமாக நீ என்னோடு பேசுவதில்லை, நானும் உன்னோடு பேசுவதில்லை. அது இருக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை உன் புருஷன் போன் செய்தான். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு வைக்கப் போகிறபோது, "அம்மா, அக்காவுக்கு வாங்குவியே, மஞ்சள் மூடி போட்ட களிம்பு, அது பேரு என்ன? இவளுக்கு மூலமாம், ரெண்டு மாசமா ரத்தம் போகுதாம்" என்றான். ஏதோ சோப்பு பேர் கேட்கிற மாதிரி கேட்டான்.

பெயர் எனக்கு மறக்கவில்லை. மருந்துக்கடைக்காரன் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே "பொம்பளைங்களுக்கு இது சகஜம்மா" என்று சொன்னதும் மறக்கவில்லை. என் மகள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பதினான்கு மாதம் விற்றான். இன்றைக்கும் அந்தக் கடை வாசலை மிதிக்காமல், தலைவலி மாத்திரைக்குக்கூட இரண்டு தெரு தள்ளித்தான் போகிறேன். உனக்கு அந்தப் பெயரைச் சொல்லமாட்டேன்.

உன் நாத்தனார் சிப்ஸ் கம்பெனியில் பாக்கெட் போடுகிற பெல்ட் முன்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் நீயும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான். உடைந்த சிப்ஸைப் பையில் கட்டிச் சும்மா கொடுப்பார்கள். உடைசல் பை வருகிற நாளில் இந்த வீட்டில் காய் நறுக்கமாட்டோம். வேலை மிச்சம் என்று நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். கக்கூசுக்கு எழுந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார் என்று நீங்கள் இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கமாட்டீர்கள். வேலை முடிந்து வாசலுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு பாட்டில் கலர் சோடா. இப்போது நீங்கள் குடிபோன ஊரிலும் உனக்கு அதே பெல்ட்தானாம், மதியம் சாசேஜ் என்று ஏதோ பதப்படுத்தின கறியும் ரொட்டியுமாம். உன் புருஷன் பெருமையாகச் சொன்னான்.

எல்லாம் முடிந்த பிறகு பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டேன், அந்த உடைசல் பையா என் பெண்ணைக் கொன்றது என்று. "ஒண்ணை மட்டும் கைகாட்ட முடியாதும்மா. பொரிச்சது, சர்க்கரைத் தண்ணி, பதப்படுத்தின கறி, காய்கறியே இல்லாம, அசையாம உட்கார்ந்தே வேலை, தூக்கமும் கம்மி. வருஷக்கணக்கா இப்படியே போனா உடம்புக்குள்ள ஒரு அழற்சி லேசா கனன்றுகிட்டே இருக்கும். குடல்ல புத்துநோய் வர்ற ஆபத்தை அது கூட்டும். எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா ரத்தம் போனா மூலம்னு நாமே முடிவு பண்ணக்கூடாது, பார்த்திடணும்" என்றார். ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன்.

அந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வராந்தாவில், பச்சைப் பெஞ்சுக்குப் பக்கத்தில், நாலு பேர் முன்னால் நீ கேட்டாய். "முதல்லயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாமே அத்தை? களிம்பைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்களே." கையில் ஃப்ளாஸ்க் வைத்திருந்தாய். அன்றைக்கு உன்னோடு பேச்சை நிறுத்தியவள்தான் நான். அப்படிக் கேட்டவளே இன்றைக்கு அந்தக் களிம்பைத் தேடுகிறாள் என்றால் எனக்குப் புரியாதா? உன் நாத்தனாருக்கும் இதே பயம், இதே வெட்கம். களிம்பு கையில் இருந்தால் டாக்டரிடம் போகவேண்டாமே.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வராதே என்று சொல்ல வேண்டாம், டிக்கெட் எடுத்தாயிற்று. குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு முன்னால் வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு தண்ணீர் கொடுப்பார்கள். குமட்டும். எதிரே உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடிக்க வைப்பேன். லீவு கிடையாது என்றால் சூப்பர்வைசர் நம்பரைக் குறித்து வை, நான் பேசிக்கொள்கிறேன். திரும்பி வந்தபின் அடுப்படி என் பொறுப்பு. கீரை பிடிக்காது என்று முகத்தைச் சுளித்தால் பழைய கணக்கோடு அதையும் சேர்த்துக்கொள்வேன். வெறும் மூலம்தான் என்று டாக்டர் சொன்னால், கிழவி வீணாக அலைக்கழித்தாள் என்று ஆயுசுக்கும் திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

நீ அன்றைக்குக் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கதவைத் திறந்துவிடு, தாயே. பேசாவிட்டாலும் பரவாயில்லை. நூறு வருடம் நன்றாக இரு.

உன் அத்தை