மீன் ஏலக் கொட்டகையில் முதல் காட்சி

ஆகஸ்ட் 3, திங்கள்

எழுபத்தொரு படங்கள் வந்தன, பதினெட்டைத் தேர்ந்திருக்கிறோம். இந்தோனேசியாவின் மக்காசாரில் சுயாதீனப் படங்களுக்காக நடக்கும் முதல் சர்வதேச விழா. தொடக்கம் எங்கே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பாவோதெரே துறைமுகத்து மீன் ஏலக் கொட்டகை.

என்னோடு விழாவை நடத்தும் ஃபாடெல் மூக்கைப் பொத்திக் காட்டினான். "அக்கா, வெளிநாட்டுக்காரங்க மயங்கி விழுந்துடுவாங்க."

"விழட்டும். எழுப்பி உட்கார வெச்சுப் படம் காட்டுவோம்."

தொடக்கப் படம் பிலிப்பைன்ஸ்காரர் எல்பிதியோவுடையது. கடலுக்குப் போன மகன் திரும்பாத ஒரு தாயின் கதை. மீன் விற்கும் பெண்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஒத்திகை. கொட்டகைப் பெண்களுக்கு முதல் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினோம். அடியில் இந்தோனேசிய மொழியில் வசனம் எழுத்தாகப் போனது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஏன்? எனக்குத் தலையில் ஒரு குட்டு!

ஏலம் கூவும் அம்மா டாயெங் பாஜிதான் சொன்னார்: "எழுத்து ஓடுது. நாங்க பின்னாடியே ஓடணுமா? பாதிப் பேருக்குக் கண்ணு தெரியல, மீதிப் பேருக்குப் படிக்கத் தெரியல."

சொல்லிவிட்டு, மிச்சமிருந்த நாலு பேருக்கு அவரே உரக்கப் படித்தார். தாய்க்கு ஒரு குரல், படகுக்காரனுக்கு ஒரு குரல். போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

மைக்கை அவர் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 12, புதன்

எல்பிதியோ வந்திறங்கினார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"நாலு வருஷ உழைப்பு. அதுக்கு மேல ஒருத்தர் மைக்ல கத்துவாங்களா? படத்தை எடுத்துட்டுப் போயிடுறேன்."

போய்விட்டால்? நாளை மறுநாள் தொடக்கம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே — ஆனாலும் நான் விடப்போவதில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

காலையில் அவரை ஏலத்துக்கு அழைத்துப் போனேன். பாஜி அவரைப் பார்த்ததும், "இவர்தானா அது? ஏன்யா, அந்தப் பையன் வருவானா மாட்டானா? அதச் சொல்லு மொதல்ல."

மொழிபெயர்த்தேன். எல்பிதியோ ஒரு மீன்பெட்டிமேல் உட்கார்ந்தார். "எனக்கே தெரியாதும்மா. அவன் என் அண்ணன்."

பாஜி ஏலத்தை நிறுத்திவிட்டார். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். ஒம்பது வருஷமாச்சு."

கடைசியில் எல்பிதியோவே சொன்னார்: "அம்மா பேசுற இடத்துல பேசுங்க. அவங்க சும்மா இருந்தா நீங்களும் சும்மா இருக்கணும்."

"அது எனக்குத் தெரியாதா?"

ஆகஸ்ட் 15, சனி

நேற்று மாலை அறுநூறு பேர்! மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு வெளிநாட்டுக்காரரும் மயங்கவில்லை.

கடைசியில் தாய் கரையில் நிற்கிறாள். ஆறு நிமிடம் வசனமே இல்லை. பாஜி மைக்கை மடியில் வைத்துக்கொண்டார். கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. பிறகு யாரோ ஒரு பெரியவர் திரையைப் பார்த்து, "வந்துருவான்மா," என்றார்.

எல்பிதியோ அழுதார். ஃபாடெலும் அழுதான். நான் அழவில்லை. விழாவை யாராவது நடத்த வேண்டுமே.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

தூக்கம். வேறொன்றுமில்லை.

டிசம்பர் 6, ஞாயிறு

அடுத்த ஆண்டுக்கான தேர்வுக் குழு இன்று கூடியது. போன முறை நாலு பேர், இந்த முறை ஐந்து. ஃபாடெல் முதல் படத்தை ஓட்டினான். மூன்றாவது நிமிடத்தில் டாயெங் பாஜி கையைத் தூக்கினார்.

"இந்த ஆளு கடலையே பார்த்ததில்ல. அடுத்தது போடு."