வலப்பக்க வரிசை

அன்பு மகளுக்கு,

கர்த்தர் துணையால் நான் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். இருப்பது இரண்டே அறை. நான் முணுமுணுத்தாலும் கட்டிலில் படுத்திருக்கும் அப்பா காதில் விழுந்துவிடும். உடம்பு தளர்ந்தும் அந்தக் காது மட்டும் தளரவில்லை.

குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அப்பா படுத்ததிலிருந்து தச்சுப் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. ஆராதனைக்குப் போடும் உன் வெள்ளை அங்கியின் ஓரம் பிரிந்துவிட்டது என்றாயே, அனுப்பி வை, தைத்துத் தருகிறேன். அவசரத்துக்கு நீயே கறுப்பு நூலைப் போட்டுத் தைத்துவிடாதே. உன் தையல் லட்சணம் எனக்குத் தெரியும்.

சபைச் செய்தி கேட்டால் சிரிப்பாய். உன்னை ஆஸ்பத்திரி ஊழியம் என்று தூரத்துக்கு அனுப்பியதிலிருந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு மறுபடியும் ஒரே வரிசை. பெரிய ஆயர் ஒருவரே எல்லாருக்கும் கொடுத்து முடிப்பதற்குள் மதியமாகிவிடுகிறது. "பசி உயிர் போகுதும்மா, கூட இன்னொருத்தர் நின்னு கொடுத்தா என்ன?" என்று சபைச் செயலாளர் என்னிடமே வந்து அலுத்துக்கொண்டார். இன்னொருத்தரைத்தான் மூட்டை கட்டி அனுப்பிவிட்டீர்களே என்றேன். மனிதர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார். உனக்கென்று வாங்கிய இரண்டாவது கிண்ணம் பீரோவில் இருக்கிறது. அதைத் துலக்கி வைப்பது பெண்கள் ஐக்கியத்தின் வேலை. அதற்கு மட்டும் சபைக் கமிட்டியில் யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நீ ஆயர் பட்டம் பெற்று முதல் முறையாகத் திருவிருந்து கொடுத்த நாள். இடப்பக்கம் பெரிய ஆயர், வலப்பக்கம் நீ. வலப்பக்க பெஞ்சுக்காரர்கள் எழுந்தார்கள். எழுந்து, பெண் கையால் வாங்க மாட்டோம் என்பது போல நடுவழியைக் கடந்து, அத்தனை பேரும் இடப்பக்க வரிசையின் வாலில் போய் நின்றார்கள். நோயில் கிடந்தபோது நீ கையைப் பிடித்து ஜெபித்தவர்கள், உன்னிடம் வீட்டுச் சண்டையெல்லாம் சொல்லி அழுதவர்கள், ஒருவர் பாக்கி இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து நான் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். எனக்குப் பின்னால் நூறு பேர் நிற்பது போல, ஜெபத்தில் ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொல்லி அப்பத்தைக் கொடுத்தாய்.

முன் பெஞ்சில் இருந்த உன் அப்பா எந்த வரிசைக்கும் எழவில்லை. நீ நின்ற இடத்திலிருந்த மரத் தடுப்புக் கிராதி அவர் இழைத்துச் செய்தது. அதன் பின்னால் நின்ற மகளை நிமிர்ந்து பார்க்காமல், தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி ஊழியத்துக்குக் கிளம்பும்போது நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா எந்திரிக்கவே இல்லையேம்மா." கமிட்டியில் இருக்கும் சிநேகிதர்களுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் திருவிருந்தே எடுக்கவில்லை. முதலில் சளி என்றார், பிறகு கால் குடைச்சல் என்றார், நானும் நம்பினேன். போன வாரம் பெரிய ஆயர் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். உன் அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பாவம் ஆயர், வலிக்கிறதா என்று கேட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். எனக்கு வந்ததே கோபம். வீடு தேடி வந்தவரை இப்படியா அனுப்புவது என்று பிடிபிடியென்று பிடித்தேன். அப்புறம் சொன்னார்: "அன்னைக்கு அவ கையால வாங்காதவன், இன்னைக்கு வேற யார் கையால வாங்குறது?" உன்னை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். கேக்குறதுக்கு எனக்கு வாய் இல்ல" என்றார்.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் வார்டு வார்டாக நடக்கிற உனக்கு அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பால்கூட இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை.

அவரை மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கு வலித்தது வலித்ததுதான். அங்கே படுக்கையில் கிடப்பவர்கள், கொடுப்பது ஆணா பெண்ணா என்று பார்க்காமல் கையை நீட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் ஒருவர் அப்படிக் கிடக்கிறார், கையை நீட்டத்தான் வெட்கப்படுகிறார். அப்பத்தில் ஒரு சின்னத் துண்டு போதும். நனைத்துக் கொடுத்தால் இறங்கிவிடும்.

அன்று பெஞ்சிலிருந்து உன்னிடம் வர அவர் நாலு எட்டு வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. இன்று எழுந்து உட்காரவும் முடியாது. அதனால் வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் நீதான் நடக்க வேண்டியிருக்கும். இது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வா, கண்ணு. அங்கியைத் தபாலில் அனுப்ப வேண்டாம், கையோடு கொண்டு வா. ஓரத்தை இங்கேயே தைத்துத் தருகிறேன், அதைப் போட்டுக்கொண்டே அவர் முன்னால் நில்.

முதலில் அவருக்குக் கொடு. இந்த முறை அவருக்குப் பின்னால் நான் நிற்கிறேன்.

கர்த்தர் உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
அம்மா