நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு பொய்

என் அருமை வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான் சௌக்கியம். உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒன்றும் இல்லை, இரண்டு வேளை நடக்கிறார், ரத்த அழுத்தம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. சௌக்கியம் என்ற துணியை இதற்கு மேல் இழுத்தால் கிழிந்துவிடும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, தோளில் பிடித்தது, பிரித்துத் தைத்துக்கொண்டேன். குளியலறைக் குழாய் சொட்டுவது நிற்கவில்லை, குழாய்க்காரர் இதோ வந்துட்டேன் இதோ வந்துட்டேன் என்று மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறார். பார், நேரே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டேன். சொல்ல மனசு வரவில்லை, அதுதான். உன் அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி இல்லையடி, அது எனக்கும்தான் இருக்கிறது. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, போனது திரும்பாதும்மா, மிச்சம் இருக்கிறதை மெதுவாப் போக வைக்கலாம், அவ்வளவுதான் நம்ம கையில என்று சொன்னார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கோபப்படுவாய். போனில் பேசும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது.

எப்படித் தெரிய வந்தது என்றால், அது கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. உனக்குப் பாதி தெரியும், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். பெயிண்ட் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அந்தப் பதிப்பகத்தில் உன் அப்பா முப்பத்தொரு வருஷம் தொகுத்ததெல்லாம், எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று துறுதுறுக்கிறவர்களுக்கான புத்தகங்கள்தானே. அலமாரி இரண்டு. இடப்பக்கத்தில் முடிச்சுப் போடுவது, மெழுகுவத்தி ஊற்றுவது, பூட்டைக் கழற்றிப் பூட்டுவது, தேனீப் பெட்டி, புத்தகத்துக்கு அட்டை கட்டுவது. வலப்பக்கத்தில் டிராகன், பூதம், கடல்கன்னி, பேசுகிற வாள். அவருக்கு ஒரு சட்டம் உண்டு, கையால் செய்து கண்ணால் பார்த்தது இடப்பக்கம், காதால் கேட்டது மட்டும் என்றால் வலப்பக்கம். படம் சாட்சி ஆகாது, டிராகனுக்கும்தான் படம் இருக்கிறது என்பார். சொந்தக்காரன் சொன்னதும் சாட்சி ஆகாது. கையால் செய்து பார்த்த குறிப்புக்குத்தான் சிவப்புப் பென்சிலால் டிக் விழும். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே ஒரு குறிப்பு அவரே இட்டுக்கட்டி எழுதியதாக இருக்கும். வேறு யாராவது நம் புத்தகத்தைத் திருடி அச்சடித்தால் அந்தப் பொய்யும் சேர்ந்து போய் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும், எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைக்கிற மாதிரி. விருந்தாளிகளின் செருப்பை எண்ணுகிற பூதம் என்று ஒன்றை எழுதி வைத்தாரே, அதை ஒரு மகராசன் அப்படியே எடுத்துப் போட்டு, அது மலையடிவாரங்களில் அதிகம் காணப்படும் என்று சொந்தச் சரக்கும் சேர்த்திருந்தான், வீடே சிரித்தது. எது பொய் என்று அவர் எங்கேயும் எழுதி வைக்க மாட்டார், டிக் போட்ட தாளையும் அச்சானதும் கிழித்துவிடுவார். எழுதினால் எவன் கண்ணிலாவது பட்டுவிடும், என் தலைக்குள்ள இருக்கறவரைக்கும் எவனும் எடுக்க முடியாது என்பார். அந்தத் தலைதான் இப்போது இப்படி.

பதிப்பகத்து முதலாளியம்மா இந்த வருஷம் அவர் தொகுத்த கைவேலைக் களஞ்சியத்தை மறுபடி அச்சடிக்கலாம் என்றார். ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் பாடப் புத்தகமாகவே வைக்கிறார்களாம், பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்து பழகப் போகிறார்கள், அதனால இந்த ஒரு தடவை அந்தப் பொய்யை எடுத்துடலாம் சார், எதுன்னு மட்டும் சொல்லுங்க என்று கேட்டார். நியாயம்தானே. உன் அப்பா சிரித்துக்கொண்டே நாளைக்குச் சொல்றேம்மா என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். பதினோரு நாள் நாளைக்கு ஓடியது. பன்னிரண்டாம் நாள் புரூஃப் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுக்களை மேஜையில் போட்டு, கதவைச் சாத்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, எதுன்னு தெரியலடி என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தெரியல என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான் என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், அன்றைக்கு முயலுக்கு நாலு கால் இருக்கட்டும், ஐந்து கால்கூட இருக்கட்டும், பழையபடி என்னோடு சண்டை போடுங்களேன் என்று இருந்தது.

அப்புறம் வேறு வழி என்ன, அதில் இருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு குறிப்பையும் செய்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தோம். செய்தால் வருவது நிஜம், வராதது பொய், கணக்குச் சுலபம்தானே. என் தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு வீட்டைப் பட்டறை ஆக்கினோம். கதவுக் கைப்பிடியில் எல்லாம் கயிறு, குளியலறைத் தொட்டியில் சாயத் துணி, ஜன்னல் விளிம்பில் பசைக் கிண்ணம், மெழுகு ஊற்றியதில் என் ஆள்காட்டி விரல் கொப்புளித்து ஒரு வாரம் ஊசி பிடிக்க முடியவில்லை. நீ சின்ன வயசில் கோடு மாமா கோடு மாமா என்று தொங்குவாயே, படம் போடுகிறவர், அவரும் வந்து உட்கார்ந்தார். நீங்கதானே எல்லாத்துக்கும் படம் போட்டீங்க, எது பொய்யின்னு உங்களுக்கே தெரியலையா என்று கேட்டேன். அக்கா, அவர் சொன்னா உளியும் வரைவேன், சொன்னா டிராகனும் வரைவேன், என் பென்சிலுக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூற்று நாற்பது வரை டிக் போட்டோம். நூற்று நாற்பத்தொன்றாவது மூட்டைக்காரன் முடிச்சு. உன் அப்பா எத்தனை தரம் போட்டும் நிற்காமல் அவிழ்ந்துகொண்டே வந்தது. கிடைச்சிருச்சு, இதான், இதான் என்று குதித்தாரே பார்க்கணும், எனக்கும் உயிர் வந்தது. அன்றைக்கே நடந்து போய் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டும் வந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, மறுநாள் கயிற்றுக்கடைக்காரம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் பேச்சை நிறுத்தாமலே, கையைப் பார்க்காமலே, அந்த முடிச்சைப் போட்டுக் கொடுத்துவிட்டாள், இது தெரியாம யாராச்சும் மூட்டை கட்டுவாங்களா என்று கேட்டாள். முடிச்சில் பொய் இல்லை, அவர் கைக்குத்தான் அது மறந்து போயிருக்கிறது. அப்படியானால் அவருக்கு வராததெல்லாம் பொய்யும் இல்லை, என்ன செய்து பார்த்து என்ன, வேலையே அங்கேயே முடிந்துபோயிற்று. சொல்லாமல் இருக்க முடியுமா, முதலாளியம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். புத்தகத்தை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகம், தெரியாமல் எப்படிக் கொடுப்பார். ஒரு பொய் எது என்று தெரியாததால் நானூற்றுப் பதினொரு உண்மையும் பரணில் ஏறிவிட்டது. இனிமேல் அவரை மாடியேறச் சொல்ல வேண்டாம் என்றும் பக்குவமாகச் சொன்னார்.

புரூஃபைப் பதிப்பகத்து ஆட்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு உன் அப்பா இரண்டு நாள் சும்மா இருந்தார். மூன்றாம் நாள் ஒரு புது நோட்டை எடுத்து வீட்டைத் தொகுக்க ஆரம்பித்துவிட்டார். மாடிப்படி, பதினான்கு, ஏறி இறங்கி எண்ணி டிக். அடுப்பு, பற்ற வைத்துப் பார்த்து டிக். கோடு மாமா, கையைக் குலுக்கிப் பார்த்து டிக். மனைவி என்று எழுதி என்னைத் தேடி வந்து, கொப்புளம் ஆறின விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டிக் போட்டார், நானும் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டேன். டாக்டரிடம் சொன்னேன், எழுதட்டும்மா, பிடிமானத்துக்கு ஏதாவது வேணுமில்ல என்றார். போன மாதம் உன்னோடு போனில் நீங்க, சொல்லுங்க என்று மரியாதையாகப் பேசினாரே, அப்பா கிண்டல் பண்றார்னு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். போனை வைத்துவிட்டு என்னிடம், யாரோ வாசகி, நல்ல பொண்ணு, சாப்பிட்டீங்களா தூங்கினீங்களான்னு அக்கறையா விசாரிக்குது என்றார். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன். நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய், அழுதால் உனக்குத் தலைவலி வரும், மாத்திரை போடாமல் கிடப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

ஆனால் இதைச் சொல்லாமல் முடியாது. போன வாரம் நோட்டில் உன்னை எழுதியிருக்கிறார். நான் அப்படியே பார்த்து எழுதுகிறேன். மகள்: கடல் கடந்து வெகு தொலைவில் வசிப்பதாகச் சொல்லப்படுகிறது. மாதம் இருமுறை குரல் மட்டும் கேட்கும். சிறு வயதில் இவ்வீட்டில் ஓயாமல் கேள்வி கேட்டுத் திரிந்ததாக ஒரு வழக்கு உண்டு. இவ்வளவுதான். டிக் இல்லை. நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, இது நான் எலிப்பொறிக்குன்னு எழுதினதோ, ரொம்ப நல்லா வந்திருக்கு, அதான் சந்தேகமா இருக்கு என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் பெத்த பொண்ணு, என் வயிறு சாட்சி, எப்படிங்க பொய்யாகும் என்று கத்தினேன், பக்கத்து வீட்டம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். உன் கல்யாண ஆல்பத்தை எடுத்து விரித்தேன். படம்தானே என்றார். போனில் உன் குரலைப் பதிந்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு, குரல்தானே என்றார். நான் சொன்னதற்கு, நீ குடும்பத்து ஆளு, உன் சாட்சி செல்லாது, கோவிச்சுக்காத என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவர் வைத்த சட்டம்தான், ஒரு எழுத்து பிசகவில்லை, அதை மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறார். நேற்றுக் காலை அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து, வலப்பக்கத்துப் புத்தகத்தில், பூதங்கள் இருக்கிற தொகுதியில், ம வரிசையில் செருகி வைத்துவிட்டார். நான் எடுத்து வெளியே வைத்தேன். தேடி எடுத்து மறுபடி அங்கேயே வைத்துவிட்டு, தூக்கிப் போட மனசு வரல, அதுபாட்டுக்கு அங்க இருக்கட்டுமே என்று கெஞ்சுகிறார். அவரிடம் போராட எனக்குத் தெம்பில்லை கண்ணு.

உனக்கு லீவு கிடைக்காது என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய், எனக்குத் தெரியும். நீ வந்தால் சரியாகிவிடும் என்றும் நான் பொய் சொல்ல மாட்டேன், ஒன்றும் சரியாகாது. நீ வந்து நின்றால் உன் கையைத் தொட்டுப் பார்த்து ஒரு டிக் போடுவார். நீ திரும்பிப் போன மறுவாரமே அந்த டிக் எதற்கு என்று என்னிடம் கேட்டாலும் கேட்பார். இருந்தாலும் சிவப்புப் பென்சில் எதற்கு என்று அவருக்குத் தெரிகிற நாள் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது, அதற்குள் ஒரு தடவை வந்துவிடு. மாப்பிள்ளையோடு இதை வைத்துச் சண்டை போடாதே, அவர் தங்கமானவர். முதுகு வலிக்கு அந்த உயரமான நாற்காலியை மாற்று. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுசும் நல்ல ஞாபகமும் இருக்கட்டும் என்று மனசார வாழ்த்துகிறேன், இந்த இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வருகிற நாளில், வரேம்மா என்று முன்கூட்டிப் போன் பண்ணாதே, குரல் முந்தி வந்தால் அது காதால் கேட்டதாகிவிடும். பேசாமல் வந்து கதவைத் தட்டு, அவர்தான் திறப்பார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்