துரையின் கம்பியைப் பிடுங்கியவளுக்கு

சாந்தன்பாறை வாசகசாலையில் எங்களைப் போன்ற கிழங்களுக்குக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் சொல்லித் தருகிறார்கள். நேற்று கருப்புத் திரையைத் திறந்து, கடவுச்சொல்லைத் தட்டச் சொன்னாள் அந்த டீச்சர். தட்டினேன். ஓர் எழுத்தும் விழவில்லை. "பொட்டி கெட்டுப்போச்சு டீச்சர்" என்றேன். "கெடலைம்மா, காட்டாது. ஆனா வாங்கிக்கிடும்" என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர் ஏதோ ஒரு கோப்பை நகலெடுக்கக் கட்டளை கொடுத்துவிட்டு, நடந்ததா இல்லையா என்று தெரியாமல் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் சொல்லலைன்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். தப்பானாத்தான் அது பேசும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்து கண் நிறைந்துவிட்டது.

எழுபதுகளில் நம் தேயிலை எஸ்டேட் ஆபீசில் நீ டெலிபோன் போர்டில் இருந்தாய். நான் மேல் டிவிஷனில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போன் வைத்த புதிதில் நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு வேறொருத்தியாக இருந்தால் ஓடியே போயிருப்பாள். கைப்பிடியை எத்தனை சுற்று சுற்றணும், மழையில் சுற்றினால் ஷாக் அடிக்குமா, பேசி முடித்ததை யாரிடம் சொல்வது? "ஏட்டி, முடிஞ்சதும் ஒரு சுத்து சுத்திட்டு வைங்க. அப்பத்தான் நான் போர்டுல கம்பிய எடுப்பேன், அடுத்த ஆளு பேசலாம்" என்று சொல்லிச் சொல்லி உனக்குத் தொண்டை வற்றியது.

இது மட்டும் நம் ஆட்களுக்கு ஏறவே இல்லை. எஸ்டேட்டை நடத்தும் துரையோடு பேசினால் அவருக்கு முன்னால் போனை வைப்பது மரியாதைக் குறைவாம். கீழ் டிவிஷனில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். துரை வைக்கும்வரை ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். துரையோ ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். மலைக்கு இருந்ததோ ஒரே லைன். துரை சொல்லாமல் அவர் கம்பியை எடுக்கக் கூடாது என்று உனக்கு உத்தரவு வேறு.

என் மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்த மதியமும் அப்படித்தான் நடந்தது. அவளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. போடிமெட்டுப் பக்கமிருந்து மழை அடித்துக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. "பிள்ளைக்கு இழுக்குது, ஜீப்ப அனுப்பு" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். பதில் வரவில்லை. உன்னை அன்றைக்கு நான் ஏசாத ஏச்சு இல்லை. நீ அங்கே துரையின் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என் குரலைக் கேட்டதும், கேட்ட கையோடு ஜன்னலுக்கு ஓடி டிரைவரைக் கூப்பிட்டதும் எனக்கு எப்படித் தெரியும்? வளைவில் ஜீப் திரும்பியபோதுதான் தெரிந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்த உன்னிடம், "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்று சண்டை பிடித்தேன். "உனக்குப் பதில் சொல்லிட்டு நின்னா டிரைவர யாருட்டி கூப்பிடுவா?" என்றாய்.

மறுநாள் துரை விசாரித்தார். கை தவறிவிட்டது என்று சொல்லிவிடு, விட்டுவிடுவார் என்று ஆபீசில் எல்லோரும் உனக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். நீ நேரே போய், "கை தவறல சார், நாந்தான் எடுத்தேன்" என்றாய். போர்டு வேலை போயிற்று. நான் உன்னிடம் அழுதேன். "ஒரு பொய்தானட்டி, சொன்னா என்ன?" என்றேன்.

"தப்பா எடுத்துட்டேன்னு சொன்னா, இனிமே எந்தப் பிள்ளைக்கு இழுத்தாலும் எடுக்கக் கூடாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா" என்றாய்.

அடுத்த வாரமே கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினாய். நாற்காலிக்குப் பழகிய உடம்பு. மதியம் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்கு வந்து, காலில் ஒட்டிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே என் மகளைக் கொஞ்சுவாய். நான் பெருமூச்சு விடுவேன். "மல ஏறுதது நானு, நீ எதுக்குட்டி மூச்சு வாங்குத?" என்று கேலி செய்வாய். வேலை ஓயும்வரை உனக்கு அந்தக் கூடைதான். அதைப் பற்றி ஒருநாளும் நீ என்னிடம் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

மகளுக்கு இதையெல்லாம் விவரம் தெரிந்த வயதிலேயே சொல்லிவிட்டேன். அவள் தன் பெண்ணுக்கு உன் பெயரை வைத்தாள். "ஏட்டி, வேற நல்ல பேரு கிடைக்கலையா?" என்று நீ வெட்கப்பட்டது நினைவிருக்கிறது. பேத்தி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். சொன்ன பேச்சு கேட்பதில்லை, வாய் காது வரை நீளம். ஆனால் நீ கண்மூடிய பிறகு, அந்தப் பெயரைச் சொல்லி அவளை ஏச எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. அது தெரிந்துகொண்டு என் தலைமேல் ஏறி ஆடுகிறாள். நானும் ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.