பெயர் மாற்றி விற்ற மென்பொருள்

வெள்ளிக்கிழமை, இரவு.

போர்வெல் ஆழத்தைப் பதிவு செய்ய நான் எழுதி, திறந்த உரிமத்தில் இலவசமாக வெளியிட்ட மென்பொருளை, திருச்செங்கோட்டில் ஒரு நிறுவனம் பெயர் மாற்றி விற்கிறது. இன்று நேரில் போய்க் கேட்டேன்.

"சும்மா குடுத்ததுதானுங்களே?" என்றார் உரிமையாளர் குமரேசன்.

"விக்கலாமுங்க. ஆனா நீங்க மாத்துன நிரலையும் சேர்த்துக் குடுக்கோணும். உரிமத்துலயே இருக்குதுங்க."

"போட்டிக்காரன் எடுத்துக்குவானுங்களே!"

"அவன் மாத்துனா அதை நீங்களும் எடுத்துக்கலாமுங்க."

குமரேசன் கணினியை என் பக்கம் திருப்பினார். பாறை மாறும் ஆழத்தை மென்பொருளே கண்டுபிடிக்கும்படி செய்திருந்தார். எனக்குப் பல மாதங்களாகப் பிடிபடாத விஷயம் அது. சண்டை போடப் போனவள் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

கிளம்பும்போது, நிரலை வெளியிடச் சம்மதித்தார். அதில் ஒரு வரி மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை. நாளை அவரிடமே கேட்க வேண்டும்.