மட்டுப்பாவுக்குப் பூசிய எண்ணெய்

கிள்ளிப்பாலம், திருவனந்தபுரம்.
கொல்லம் 1113-ம் ஆண்டு தை மாதம் 9-ம் தேதி, சனிக்கிழமை.
(இங்கிலீஷ் 1938 ஜனவரி 22.)

சௌபாக்கியவதி சரஸ்வதிக்கு உன் அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடத்தில் நானும் உன் அம்மையும் பசுவும் சுகமாயிருக்கிறோம். மூவரில் பசு ஒன்றுதான் அதைப் புகார் இல்லாமல் ஒத்துக்கொள்கிறது. நாகபுரியில் நீயும் மாப்பிள்ளை அவர்களும், இன்னும் பெயரிடப்படாத மூன்றாவது ஆளும் சௌக்கியம் என்று உன் மார்கழி 28-ம் தேதிக் கடிதத்தால் அறிந்து சந்தோஷப்பட்டோம். அக்கடிதத்தில் நீ தேதி போடவில்லை. தபால் முத்திரையைப் பார்த்து நானே கண்டுபிடித்துத் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன். தேதியில்லாத கடிதம் தலையில்லாத ஆள் என்று உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

முதலில் மட்டுப்பா விஷயம். உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், நாகபுரியில் ஒரு வரலாறும் கிள்ளிப்பாலத்தில் ஒரு வரலாறுமாக உலவிவருவதால் சரியானதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. மச்சு அறைக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்து நீண்டிருக்கும் நம் பலகை மட்டுப்பா, என் தகப்பனார் 1068-ல் தேக்குத் தூண் நாட்டி, அயனிமரப் பலகை பாவிக் கட்டியது. மேலே கூரை கிடையாது, திறந்த மாடித்தளம். வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையும் ஐப்பசித் துலாமழையும் வருஷந்தோறும் அதன்மேல் நின்று பெய்திருக்கின்றன. இடையில் வெயிலும் தன் பங்கைச் செய்திருக்கிறது. அப்படியிருந்தும் 1112 ஆவணி 28-ம் தேதி காலை வரை அது ஒருவரையும் கைவிட்டதில்லை. அன்றுதான், இரயில்வேயில் பாலங்களைச் சோதித்து இது தாங்கும், இது தாங்காது என்று தீர்ப்புச் சொல்லும் உத்தியோகஸ்தரான அழகியநம்பி அவர்கள், புது மாப்பிள்ளையாய், கையில் காப்பித் தம்ளருடன் அதன்மேல் நடந்துபோய், வலது காலைத் தொடைவரை பலகைக்குள் இறக்கிவிட்டார். கீழே தொழுவம். அந்தரத்தில் தொங்கிய பாதத்தைப் பசு நக்கியது. அப்போது மாப்பிள்ளை போட்ட சத்தத்தை அக்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். பலகையில் குற்றமில்லை, நடையில்தான் குற்றம் என்று நான் அன்று சொன்னேன். உளுத்த பலகை அவல் மாதிரி கையோடு பிட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகும் அதையேதான் சொன்னேன் என்கிறாள் உன் அம்மை. இருக்கலாம்.

பிறகு, தலைப்பிரசவத்துக்கு உன்னை இங்கே அழைத்துவர வேண்டுமென்று நாங்கள் சென்ற ஆவணியில் எழுதியதும், அந்த மரத்தளம் சீராகும்வரை என் மனைவியை அவ்வீட்டுக்கு அனுப்புவதற்கில்லை என்று மாப்பிள்ளை பதில் எழுதியதும் நீ அறிந்தவை. மட்டுப்பாக் கதவை ஆணி அடித்து மூடிவிடலாமே என்றேன். உன் அம்மை ஒப்பவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காலை வெயில் வேண்டும், குழந்தையை எண்ணெய் தேய்த்துக் கிடத்த வேண்டும், துணி உலர்த்த வேண்டும், இதற்கெல்லாம் உங்கள் ஆபீஸ் கட்டடத்துக்கா போவது என்று கேட்டாள். துலாமழை ஓயட்டும் என்று காத்திருந்து, கார்த்திகை 10-ம் தேதி வியாழக்கிழமை வேலை தொடங்கினோம். மாதேவன் ஆசாரி வந்து ஒரு பலகையை நெம்பி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பிள்ளையங்ஙுன்னே, இது மட்டுப்பா அல்ல, செதலின் தறவாடு, கறையான் பரம்பரையாய் வாழும் வீடு, குடியிருப்பவர்களிடம் கேட்காமல் இடிக்கலாமோ என்றான். அவனுக்கு எப்போதும் வாய் அதிகம், உளி குறைவு. தூண்களில் ஊறு இல்லை. உத்தரங்களில் சுவரோடு சேரும் முனைகள் மட்டும் பஞ்சாகியிருந்தன; அவற்றை வெட்டி நல்ல மரம் ஒட்டுப்போட்டான். பலகை முழுவதும் புதிது. துரு ஏறிய இரும்பாணிக்குப் பதில் செம்பாணி. தண்ணீர் தேங்காதபடி ஆற்றுப் பக்கம் இலேசாகச் சரித்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழையாத இடைவெளி விட்டு அடித்தான். என் தகப்பனார் மட்டமாகக் கட்டியதை இவன் சரிப்பதா என்று நான் தடுத்தேன். மட்டமாய்க் கட்டியதுதானே மருமகனைக் கீழே காட்டியது என்றான். அப்படியே சரிக்க விட்டேன்.

இனி வருவது என் பங்கு. புதுப் பலகையை எண்ணெய் பூசாமல் விட்டால் அடுத்த மழைக்கே கறுத்துப் பிளக்கும். முந்திரிக் கொல்லாங்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பூசுவோம், செதல் அண்டாது என்றான் ஆசாரி. அந்த எண்ணெய் பட்டால் தோல் பொள்ளிவிடும். நீயோ சிறு வயது முதல் அங்கே வெறுங்காலோடுதான் நடப்பாய். ஆகையால் வேண்டாமென்று விலக்கி, என் சிநேகிதர் சேஷனிடம் யோசனை கேட்டேன். துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர், ஆசாரம் தவறாதவர். அவர் ஒரு கணமும் தயங்காமல், கடல் தண்ணீரே நுழையாதபடி வள்ளங்களுக்குப் பூசுகிறார்களே, வள்ள எண்ணெய், அதற்கு மிஞ்சியது உலகத்தில் கிடையாது என்றார். முப்பது வருஷமாக அவர் கையாலேயே வள்ள எண்ணெய் இத்தனை டின் என்று எழுதி வந்திருக்கிறார். அது எதிலிருந்து வருகிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெயரும் அளவும் தேதியும் சரியாயிருந்தால் பொருளைத் திறந்து பார்க்கும் வழக்கம் எங்கள் இருவர் குமாஸ்தா உத்தியோகத்திலும் இல்லை. விழிஞ்ஞத்திலிருந்து இரண்டு டின் வரவழைத்தேன். பூசுகிற அன்று ஆசாரி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பிள்ளையங்ஙுன்னுக்குச் சம்மதமானால் எனக்கென்ன என்று இரண்டு முறை சொன்னான். புதிய எண்ணெய்க்கு வீரியம் இருக்கத்தான் செய்யும் என்று நான் மேற்பார்வை செய்தேன். உத்தியோகத்தில் சேர்ந்த 1079 முதல் இடைவிடாமல் பொடி போட்டுவரும் என் மூக்குக்கு அது வெறும் எண்ணெயாகவே இருந்தது.

கோயிலிலிருந்து திரும்பிய உன் அம்மை வாசற்படி ஏறுமுன்பே கண்டுபிடித்துவிட்டாள். சாளை மீனை உருக்கி எடுத்த நெய். தலைமுறை தலைமுறையாகச் சைவமான இந்த வீட்டில் அவளுக்கு அது எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது என்று நான் இதுவரை கேட்கவில்லை. இனியும் கேட்பதாக இல்லை. மறுநாள் விடியும்போது நம் தெருப் பூனைகளும் அடுத்த தெருப் பூனைகளும் மட்டுப்பாவில் மகாசபை கூட்டியிருந்தன. காகங்கள் இடம் போதாமல் கைப்பிடியில் வரிசையாக இருந்தன. பல வருஷமாக நம் வாசலைத் திரும்பிப் பாராமல் போகும் மீன்காரி கூடையை இறக்கிவைத்து, அம்மச்சி, இப்போள் இவிடெயும் மீன் கூட்டித் தொடங்கியோ, முன்பே சொல்லியிருந்தால் நல்ல சாளையாய்க் கொண்டுவந்திருப்பேனே என்று அன்போடு விசாரித்தாள். உன் அம்மை அன்று முதல் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சேஷன் வந்து பார்த்துவிட்டு, எழுத்தில் அது எண்ணெய் என்றுதான் இருந்தது என்று சொல்லி, காப்பி வேண்டாமென்று போய்விட்டார். சாம்பல் தேய்த்தோம், புளித்தண்ணீர் விட்டோம், சாணம் மெழுகினோம். கடைசியாகச் சாம்பிராணி போட்டதில், மீனும் சாம்பிராணியும் கலந்து மூன்றாவது வாடை ஒன்று பிறந்தது. அதற்குத் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் இல்லை. ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்லவேண்டும். மார்கழியில் காலம் தவறி ஒரு மழை பெய்தபோது தண்ணீர் அந்தப் பலகைமேல் சேம்பு இலையில் போல் உருண்டு ஓடியதே தவிர ஒரு துளியும் உள்ளே இறங்கவில்லை.

மாப்பிள்ளை கேட்டிருந்தபடி பாரச் சோதனையும் நடத்தினேன். நெல் மூட்டைகளை நெருக்கமாக அடுக்கி ஒரு பகல் வைத்திருந்து, அவற்றின்மேல் நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு பலகை போயிற்று, எனக்குத் தாலியும் போக வேண்டுமோ, இறங்குங்கள் என்று உன் அம்மை கீழே நின்று சத்தம் போட்டாள். அன்று தொடங்கியதுதான் பேச்சு, பிறகு நிற்கவில்லை. ஒரு நூல் அளவும் பலகை வளையவில்லை. அனைத்தையும் விவரமாக நாகபுரிக்கு எழுதினேன். எதையும் மறைத்து எழுதிப் பழக்கமில்லாததால் எண்ணெய் விவரத்தையும் எழுதினேன். எழுதாதீர்கள் என்று உன் அம்மை சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். உறுதியைப் பற்றித் திருப்தி, ஆனால் மீன் வாடை என்றால் இந்த நிலையில் சரஸ்வதிக்குக் குடலே வெளியில் வந்துவிடுகிறது, வாடை முழுவதும் நீங்கிவிட்டதென்று தாங்கள் கைப்பட எழுதினால் அனுப்புகிறேன், தை 15-க்குள் தெரியாவிட்டால் இங்கேயே ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்துவிடுவேன் என்று மாப்பிள்ளை பதில் எழுதினார். பாலம் பார்க்கிறவர் என் ஒருவன் கையெழுத்தையாவது நம்புகிறாரே என்று பெருமைப்படுவதா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பேறுகால மருந்துக்கு உன் அம்மை சாமான் எல்லாம் இடித்துச் சலித்து வைத்திருக்கிறாள். அந்தக் கடிதம் வந்த அன்று அவற்றைத் திரும்பவும் ஜாடியில் போட்டு மூடினாள். மறுநாள் மறுபடி எடுத்து வெயிலில் வைத்தாள், அதே மட்டுப்பாவில். வாடை எங்கே இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று அன்று முதல் சாதிக்கிறாள். அதைச் சொல்லும்போது முந்தானை மூக்கில் இருக்கிறது.

ஆனால் கைப்பட எழுத வேண்டியவன் நான். முகர்ந்து பாராமலே வாடை இல்லை என்று எப்படி எழுதுவது? ஆகையால் மார்கழி 12-ம் தேதி காலை முதல் பொடி போடுவதை நிறுத்தினேன். ஐந்தாறு நாள் தலை என்னுடையதாக இல்லை. அதன்பின் மூக்கு வேலைக்குத் திரும்பியது. எத்தனையோ வருஷம் கழித்து வந்த அந்த மூக்கு ஒவ்வொன்றாகக் கணக்கு ஒப்புவித்தது. நம் வீட்டுக் காப்பியில் கருகல் இருக்கிறது, சேஷனின் கோட்டில் பாச்சை உருண்டை மணக்கிறது. உன் அம்மை சாயங்காலம் பிச்சிப்பூ வைத்துக்கொள்வதை இத்தனை காலம் கண்ணால் பார்த்து வந்திருக்கிறேன். அது இவ்வளவு தூரம் மணக்குமென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் மட்டுப்பாவிலும் வாடை இருந்தது. தினமும் காலையும் மாலையும் போய் நின்று பார்த்தேன். குறைகிறது, ஆனால் போகவில்லை. நேற்றும் இருந்தது. உன் கடிதத்தின் ஓரத்தில், மாப்பிள்ளை பார்க்காதபடி என்றுதான் நினைக்கிறேன், குறுக்காகப் பென்சிலில் எழுதியிருந்தாயே, அம்மை பக்கத்தில் இருக்கவேண்டும், எனக்குப் பயமாயிருக்கிறது என்று, அதை உன் அம்மை கண்ணாடி இல்லாமல் தினமும் படிக்கிறாள். அவளுக்கு மனப்பாடமாகிவிட்டதால் கண்ணாடி வேண்டியதில்லை.

இன்று காலை குளித்து விபூதி இட்டுக்கொண்டு, பெட்டியில் பூட்டி வைத்திருந்த பொடி மட்டையை எடுத்து, முன்பெல்லாம் போடும் அளவுக்கு இரண்டு மடங்காக இரண்டு பக்கமும் போட்டேன். தும்மல் அடங்கியதும் மட்டுப்பாவுக்குப் போய் நட்ட நடுவில் நின்று, நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். எந்த வாடையும் இல்லை. உடனே கீழே இறங்கி, சோதித்துப் பார்த்ததில் என் மூக்குக்கு யாதொரு வாடையும் தென்படவில்லை என்று மாப்பிள்ளைக்குத் தேதியுடன் கையெழுத்திட்டு எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தத் தாளும் இந்த உறையிலேயே இருக்கிறது. இன்றைய தபாலில் சேர்ந்தால் 15-ம் தேதிக்குள் வந்துவிடும். உன் அம்மையிடம் படித்துக் காட்டினேன். உள்ளே போய், கருகாமல் ஒரு காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

ஆகையால் புறப்பட்டு வா. ஏழாம் மாதம் கழியுமுன் வந்து சேர். வண்டியில் ஜன்னல் பக்கம் உட்காராதே, சென்னையில் இறங்கி ஒரு நாள் தங்கி அலுப்புத் தீர்த்துக்கொள், மாப்பிள்ளையையும் கூட வந்து விட்டுவிட்டுப் போகச் சொல். விரும்பினால் அவர் காப்பித் தம்ளருடன் மட்டுப்பாவில் நடக்கலாம். பசுவை அன்று வேறிடத்தில் கட்டச் சொல்கிறேன். நீயும் வயிற்றிலிருப்பதும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர, நாகராஜாவும் தாணுமாலயனும் துணையிருப்பார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பூதலிங்கம் பிள்ளை.

பின்குறிப்பு: மட்டுப்பாவில் வாடை இல்லை என்பது மேலே கண்டபடி. இருந்தாலும் கொல்லத்தில் வண்டி நிற்கும்போது நல்ல எலுமிச்சம்பழமாக நான்கு வாங்கிக் கையில் வைத்துக்கொள். காரணம் கேட்டு எழுதாதே. கடிதத்துக்குத் தேதி போடு.