மழைக் கதவும் பாதிப் பன்னும்

நீ ஒட்டிவிட்டுப் போன சிவப்பு அம்பு இன்னும் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டின் உள்மூடியில்தான் இருக்கிறது. ஓரம் மட்டும் கொஞ்சம் சுருண்டிருக்கிறது, பசை விடவில்லை.

இன்று சாயந்திரம் டீக்கு விட்டபோது சுமித்ரா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நீ நின்ற இடத்தில் இப்போது அவள்தான் நிற்கிறாள். அது ஒன்றைத் தவிர அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் இருந்தது மங்கலாகத் தெரிந்ததால் கண்ணாடி எடுக்கக் கூட்டைத் திறந்தேன், அம்பு கண்ணில் பட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் போனுக்குள் மழை பெய்துகொண்டிருக்கிறது. மஞ்சள் கவுன் போட்ட பெண், பேக்கரி வாசற்படி, ஒரு குடை, ஒரு பன். நம்முடைய கதை. அவளுக்கு இந்தியில் ஓடுகிறது.

நான் நாலாங்கிளாஸோடு நின்றவள். இதை எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் விரல் வலிக்கிறது. ஆனால் ஒரு தடவை கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் எனக்கு மறக்காது. கம்பெனியில் எனக்கு இருந்த மரியாதையே அதனால்தானே வந்தது. கை பனியனைப் புரட்டிக்கொண்டிருக்கும், கண் ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் தேடிக்கொண்டிருக்கும், வாய்க்கு மட்டும் வேலை இருக்காது. ஓவர்டைம் பார்த்தவர்கள் முதல்நாள் தொடரைத் தவறவிட்டிருப்பார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டும். யார் எங்கே நின்றார்கள், என்ன சொன்னார்கள், சொல்லும்போது எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். நான் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே யாரும் பேசக் கூடாது, முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம் என்பது நம் டேபிளின் சட்டம். அந்தச் சட்டத்தை ஒருநாளும் மதிக்காதவள் நீ ஒருத்திதான்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, டேபிளில் சேர்ந்த முதல் நாளே என்னை "மயினி" என்று கூப்பிட்டாய்.

"அண்ணன் பொண்டாட்டியத்தான் அப்படிக் கூப்பிடுவாங்க! எங்க ஊட்டுக்காரரு உனக்கு எப்பப் புள்ள அண்ணனானாரு?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் காலையிலதான் மயினி. அண்ணங்கிட்டச் சொல்லிருங்க, பொறந்த வீட்டுச் சீரு எதுவும் கேக்கமாட்டேன்" என்றாய். டேபிளே சிரித்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் வேறு யாராவது என்னை அக்கா என்று கூப்பிட்டால் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தொடர் வந்ததும் நாம் எல்லோரும் அதிலேயே விழுந்தோம். எந்த நாட்டுக் கதையோ, நம் பேச்சில் டப்பிங் செய்து போட்டார்கள். ஒரு பழைய பேக்கரி, அதற்கு ஒரு பின்கதவு. மழை பெய்கிற நாளில் அந்தக் கதவைத் திறந்தால், இந்தக் காலத்து டாக்டர் பையன் அவன் பிறப்பதற்கும் முந்தைய காலத்துக்குப் போய்விடுவான். அங்கே பன் விற்கிற பெண்மேல் அவனுக்குப் பிரியம். இங்கே வந்தால் அவள் கல்லறையைப் பார்க்கிறான். அவளுக்கு வரப்போகும் நோய்க்கு அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. கதவு வழியாக ஒரு மாத்திரையைக்கூட அவனால் கொண்டுபோக முடியாது, அந்தப் பக்கம் போனதும் கை வெறுங்கையாகிவிடும். வாரக்கணக்கில் நம்மை அழவைத்தார்கள்.

ஒருநாள் நீதான் ஆரம்பித்தாய். "அந்தக் கதவு நமக்குத் தொறந்தா நீங்க எங்க போவீக மயினி?"

நான் யோசிக்கவே இல்லை. "என் கல்யாணப் பந்திக்குத்தான். எங்க அம்மாயி, எங்கம்மாவப் பெத்தது, எலையில உக்காந்து சோத்துல கைய வெச்சிருச்சு. எங்க நங்கையா வந்து, 'இது மாப்பிள்ளை ஊட்டுப் பந்தி, எந்திரிங்க'ன்னு எழுப்பி உட்டுருச்சு. எச்சக் கையோட எந்திரிச்சு நின்னுச்சு எங்க அம்மாயி. அங்க போயி நங்கையாவ ஒரு கேள்வி கேக்கோணும்."

"போன உசுரெல்லாம் கெடக்கு, பழைய காலமெல்லாம் கெடக்கு, இவுக பந்திக்குப் போறாகளாம்!" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாய். என் வீட்டுக்காரரின் அக்காவான அந்த நங்கையா வீட்டில் நான் இன்றுவரை கை நனைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும்.

"செரி, நீ எங்க போவே?" என்று கேட்டேன்.

"நான் எங்கயும் போவல. இங்கனயே நிப்பேன்" என்றாய். கையிலிருந்த பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி சொன்னாய். அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். நீ எதைக் கிண்டலில்லாமல் சொல்லியிருக்கிறாய்?

அப்புறம் அந்தப் பன் எபிசோடு வந்தது. ராணிக்கு முதல்நாள் ஓவர்டைம். பொங்கலூரிலிருந்து வருகிற, கல்யாணமாகி வருஷம்கூட ஆகாத பிள்ளை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என்னிடம் ஓடிவந்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். கதவு கடைசியாக ஒரே ஒரு தடவைதான் திறக்கும். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் போகிறான். அவள் மஞ்சள் கவுன் போட்டு, படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவன் அங்கே கிடந்த அவள் குடையை விரித்துப் பக்கத்தில் உட்காருகிறான். வாயைத் திறக்கிறான். அதற்குள் அவள் பன்னைப் பிய்த்து, பெரிய பாதியை அவன் கையில் வைக்கிறாள். தின்கிறார்கள். எதற்கோ சிரிக்கிறார்கள். "நாளைக்கு வருவாயா?" என்று அவள் கேட்கிறாள். "வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

"ஏனுங்க்கா, முத்தம் கித்தம் ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள் ராணி.

"இல்ல கண்ணு, பன்னுதான் தின்னாங்க."

"இதுக்கா நேத்தெல்லாம் லவ் எபிசோடு, லவ் எபிசோடுன்னு விளம்பரம் போட்டாங்க?"

"ஏட்டி, அதுக்கு மேல என்னட்டி லவ் வேணும் ஒனக்கு?" என்று நீ குறுக்கே விழுந்தாய். அங்கேதான் சண்டை மூண்டது.

நான் சொன்னேன்: "சொல்லாமப் போறதுக்குப் பேரு அன்பாக்கும்? ஏமாத்தறதுங்கறேன். தெரிஞ்சிருந்தா அவ பாக்கோணும்னு நெனச்சவங்களைப் பாத்திருப்பா, திங்கோணும்னு நெனச்சதைத் தின்னிருப்பா. அவனுக்குத் தெகிரியம் பத்தல. அம்புட்டுத்தான்."

"சொல்லிட்டா அவளுக்கு அந்தப் பன்னு தொண்டையில எறங்குமா மயினி? அவ மூஞ்சி மாறிரும். அவ மூஞ்சியப் பாத்து இவன் மூஞ்சியும் மாறிரும். கடைசியா ஒரு மழ. அதையாது ரெண்டு பேரும் நல்லபடியாப் பாக்க வேண்டாமா?"

"அதை அவளல்லோ முடிவு பண்ணோணும்!"

பேச்சு வேகத்தில் கையை வீசினேன். குறையுள்ள பீஸ்களின் குவியல் சரிந்து, பாஸான பீஸ்களின் கூடைக்குள் போய் விழுந்தது. பாதிப் பீஸுக்கு அப்போதுதான் அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம், மீதிக்கு ஒட்டவே இல்லை. எது நல்லது எது ஓட்டை என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிட்டது. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அக்கா, அந்த டாக்டரு செத்தவளப் பொழைக்க வெக்கட்டும், வெக்காமப் போகட்டும், என்ர ஷிப்மெண்ட்ட யாருங்க பொழைக்க வெப்பாங்க?" என்றார். டேபிள் முழுவதும் நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தோம்.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "மயினிக்குக் கதையெல்லாம் ஞாபகம் இருக்கும். கதை வெளங்காது." சொல்லிவிட்டு, குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பில் ஒன்றை உரித்து, திறந்து கிடந்த என் கண்ணாடிக் கூட்டின் மூடியில் ஒட்டினாய். "இந்தப் பீஸுக்குக் கண்ணுல டேமேஜு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் ஞாபகத்தைப் பற்றி ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. அன்றிலிருந்து உன்னோடு நான் பேசவில்லை. பனியனைத் தள்ளும்போதுகூட ராணி பக்கமாகத் தள்ளினேன். நீ அடிக்கடி பர்மிஷன் போட்டுக் கோயமுத்தூர் போய்வந்தது அப்போதுதான். சண்டைக்கு முன்பு நீ முதல் தடவை போனபோதே நான் கேட்டிருந்தேன். "பல்லு வேரு ஆழமா எறங்கிருக்காம் மயினி" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாய். கன்னம் உள்வாங்கியதற்கும் பல்லே காரணம் என்றாய். பல்லென்றால் பல்லென்றுதானே நம்ப முடியும்?

பிறகு ஒரு சாயந்திரம். டீக்கு விட்டதும் எல்லோரும் வாசல் கடைக்குப் போய்விட்டார்கள். வெளியே தூறல். நான் போகாமல், ஷட்டர் ஓரமாகக் கிடந்த துணிக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு கையில் ரெண்டு டீயைக் கோத்துப் பிடித்து, இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய பன்னோடு வந்து, கேட்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"இன்னும் கோவமா?"

நான் ஷட்டர் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

"கோவத்தக் கோவத்தோட வச்சிக்கிடுங்க. டீ ஆறிரும்."

பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை என் கையில் வைத்தாய். நனைத்துத் தின்றோம். ஷட்டர் விளிம்பில் தண்ணீர் சொட்டியது. எதிர்க் கடைப் பலகைக்குக் கீழே ஒரு ஆடு ஒதுங்கி நின்று, யாரோ காயப்போட்டு மறந்த ஜட்டியை மென்றுகொண்டிருந்தது. "ரிஜக்ட் பீஸு போலிருக்கு, பல்லுல வச்சே செக்கிங் பண்ணுது" என்றாய். அடக்கமுடியாமல் சிரித்துவிட்டேன். புரையேறி டீ மூக்கில் வந்தது. நீ என் தலையில் தட்டினாய். அத்தனை நாள் பேசாமலிருந்தது அதோடு தீர்ந்தது.

"ஊர்ல கோயில் அசனம் மயினி, ஊரே கூடி ஒக்காந்து சாப்பிடும். போயிட்டு வாரேன்."

"சீக்கிரம் வருவியல்லோ?"

"வருவேன்" என்றாய்.

மழை, படி மாதிரி ஒரு துணிக் கட்டு, பன்னில் பெரிய பாதி, வருவேன் என்று ஒரு சொல். எல்லாவற்றையும் என் கண்ணுக்கு முன்னால் விரித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அதே காட்சியை வார்த்தை பிசகாமல் ராணிக்குச் சொன்னவள் நான். என் பக்கத்திலேயே நடக்கும்போது அதை எப்படிக் கண்டுபிடிப்பேன்? கதையில் அவனுக்குத்தான் நோய் தெரியும், அவளுக்குத்தான் நோய். நீ ஒருத்தியே அந்த இரண்டு பேருமாக வந்து உட்கார்ந்தால்?

அசனம் முடிந்தும் நீ வரவில்லை. போன் எடுக்கவில்லை. கடைசியில் உன் மகள்தான் வந்தாள், உன் லைன் வீட்டுச் சாமான்களை எடுத்துப்போக. அழுது முடித்த முகம். நீ கண்ணை மூடியது முதற்கொண்டு எல்லாமே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"அம்மாவுக்கு முதல்லயே தெரியும் அத்தே. கோயமுத்தூர்ல இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னு சொல்லிட்டாங்க. ஒங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. 'மயினி மூஞ்சி மாறிட்டா அப்புறம் என்னால அந்த டேபிள்ல நிக்க முடியாதுட்டி'ன்னா."

எங்கயும் போவல, இங்கனயே நிப்பேன் என்று நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. எனக்கு மறக்காது என்றேனே. ஞாபகம் வருகிற நேரம் மட்டும் என் கையில் இல்லை.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். என் கட்சி இன்னும் அதேதான். நீ சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் உன் ஊருக்கு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உனக்குப் பிடித்த எபிசோடுகளை முதலிலிருந்து சொல்லியிருப்பேன், நீ குறுக்கே பேசினாலும் பொறுத்துக்கொண்டு. அந்த நாட்களை நீ எனக்குத் தரவில்லை. நங்கையா எங்கள் அம்மாயியை எழுப்பிவிட்ட மாதிரி, பாதிச் சாப்பாட்டில் என்னை எழுப்பிவிட்டாய். அதை நான் மன்னிக்கவில்லை.

இன்று சுமித்ரா அந்தக் காட்சியை அங்கேயே நிறுத்தி, கண் நிறைய என்னைப் பார்த்தாள். நான் இதை முழுக்கப் பார்த்தவள் என்று ராணி சொல்லியிருக்கிறாள். "அம்மா, அந்தப் பொண்ணு... நல்லா ஆயிடும்? அவன் நாளைக்கு வரும்?"

எனக்கு எல்லாம் தெரியும். அந்தப் பேக்கரிப் படிக்கு மறுநாள் அவன் வராததும், அந்தப் பெண் குடையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதும் தெரியும். சொல்லு, சொல்லு என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிட வேண்டும் என்றுதானே நான் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

"பாரு கண்ணு" என்றேன். "மழை நல்லாப் பேயுது பாரு."

அவள் சிரித்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தேன். உன் அம்பு அங்கேயே இருந்தது.

இதைக் கேட்டு நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. அது போனில் வருகிற கதை. நீ செய்தது வேறு. ஆனால் அந்தக் கதவு இப்போது எனக்குத் திறந்தால், எங்கே போவேன் என்று நீ மறுபடி கேட்டால், பந்திக்குப் போவேன் என்று என்னால் சொல்ல முடியாது போலிருக்கிறது. ஷட்டர் ஓரத்துத் துணிக் கட்டுக்குத்தான் போவேன். ஏன் புள்ள சொல்லலை என்று கேட்கத்தான் போவேன். போய், நீ பன்னைப் பிய்க்கிறதைப் பார்த்ததும், கேட்காமல் தின்றுவிட்டு வந்துவிடுவேனோ என்னவோ.

என் அந்த ஒரு கேள்வியிலிருந்து நங்கையா பிழைத்துக்கொண்டார்.